பதினான்காம் குழியும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது நோர்பரியிலிருந்து சிவனேசன் தொலைபேசியில் கூப்பிட்டான். லண்டனுக்கு வந்த புதிதில் அவனும் நானும் ஒரே அறையில் இருந்தவர்கள். கோல்ஃப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் என் வாயால் கேட்டதுதான். ஆனாலும் என் தொழிலைப் பற்றிய செய்தி எது வந்தாலும் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"மச்சான், விதியை மாத்திப்போட்டாங்களாம், பாத்தனியே? அட்டையில கையெழுத்து வச்சு வெளியில போனாப் பிறகும் சில நிமிசத்துக்குள்ள திரும்பி வந்து திருத்தலாமாம். இனி உன்ர தேத்தண்ணிக்கு அங்கை வேலையில்லை."

நான் சிரித்தேன். ஆனால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்து, அந்தச் செய்தியைத் தேடி இரண்டு தடவை வாசித்தேன். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கதையை ஒருக்கா எழுதி முடியுங்கோவன். வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே பதினாலாம் குழி பாடமாப் போச்சு."

அவள் சொன்னால் சரிதான். எழுதிவிடுகிறேன்.

தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் ஆட்டக்காரர்களின் ஸ்கோர் அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ இதைச் சொன்னால், "அப்ப நீங்கள் பந்து பொறுக்கிறனீங்களோ?" என்று கேட்பார்கள். முதலில் கோபம் வரும். பிறகு, "ஓம், பெரிய பந்துகள் மட்டும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வந்தது நேர்வழியில் அல்ல. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் புத்தகம் எழுதினேன்; துடுப்பைத் தந்தால் பந்தைத் தவிர எல்லாவற்றையும் அடிப்பவன் என்பதால் புத்தகத்தைத் தந்துவிட்டார்கள். லண்டனில் அகதியாக வந்திறங்கி, நோர்பரிப் பெற்றோல் நிலையத்தில் நாலு வருடம் நின்றேன். அங்கே விலைப் பலகையில் நான் எழுதும் எண்களைப் பார்த்துவிட்டு, பக்கத்து கோல்ஃப் கழகத்தின் செயலாளர் ஒருவர், சனி ஞாயிறுகளில் தங்கள் ஸ்கோர் பலகையை எழுத வரமுடியுமா என்று கேட்டார். போனேன். பலகையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து போட்டிகளை நடத்தும் லண்டன் அலுவலகத்துக்கு, அங்கிருந்து கூடாரத்துக்கு. இவ்வளவையும் மூன்று வரியில் சொல்லிவிட்டேன். வாழ்ந்தபோது பத்து வருடம் எடுத்தது.

கூடாரம் என்றேன் அல்லவா, அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

கோல்ஃபில் உங்கள் ஸ்கோரை நீங்கள் எழுதுவதில்லை. கூட ஆடுபவர் உங்களுடையதை எழுதுவார், நீங்கள் அவருடையதை எழுதுவீர்கள். பதினெட்டுக் குழியும் முடிந்ததும் இருவரும் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்து, தங்கள் தங்கள் அட்டையை வாங்கி, ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்பதைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி. கூட்டித் தொகை போடுவது எங்கள் வேலை. குழிக்குக் குழி உள்ள எண் ஆட்டக்காரர் பொறுப்பு. ஏதாவது ஒரு குழியில் அடித்ததைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தக் கூடிய எண்ணே நிற்கும். குறைவாக எழுதி வைத்தால் ஆளையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கூடார வாசலில் புல்லின்மேல் வெள்ளைக்கோடு ஒன்று இருக்கும். இரண்டு காலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அட்டை கையளிக்கப்பட்டதாக அர்த்தம். ஒரு கால் உள்ளே இருக்கும்வரை திருத்தலாம். எங்கள் காலத்தில் விதி அவ்வளவுதான்.

அந்தக் கூடாரத்தின் அரசி மிஸிஸ் பெல்லமி. முன்பு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். நெடிய உருவம், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆட்டக்காரர் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் முகம் கவிழ்த்து வைப்பார். அவசரமில்லை என்று வாயால் சொல்வதில்லை. பிறகு அட்டையைத் தொடாமல், ஒரு குழி, ஒரு எண், ஒரு மூச்சு என்று வாசிப்பார். ஆட்டக்காரர் தலையாட்டினால் போதாது, வாயால் ஓம் சொல்ல வேண்டும். எங்காவது சந்தேகம் வந்தால், பிழை என்று சொல்லமாட்டார். "எனக்காக இன்னொரு தடவை" என்பார். கையெழுத்து விழும்வரை "நன்றாக ஆடினீர்கள்" என்று சொல்வதும், சிரிப்பதும்கூட அங்கே தடை. சந்தோஷப்பட்ட மனிதன் எண்களைப் பார்க்கமாட்டான் என்பது அவருடைய கட்சி.

அவரிடம் நான் வாங்கிய பெரிய அடி கென்ட் பக்கம் ஒரு மைதானத்தில். அப்போது குழிக்குக் குழி ஸ்கோரை உடனே அனுப்பும் கருவிகள் வந்திராத காலம். ஒரு அயர்லாந்துப் பொடியன் கையெழுத்து வைத்து எழும்பிவிட்டான். அட்டையில் ஏழாம் குழிக்கு மூன்று. பலகைக்காரர் நாலு என்று சொன்னதாக எனக்கு ஒரு நினைவு. "பொறுங்கள்" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நடுங்கிப்போனான். திரும்பி வந்து அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மூன்றை வெட்டி நாலு எழுதினான். வெளியே போய்விட்டான். பிறகு பார்த்தால் மூன்றுதான் சரி. அடுத்த நாள் ஆட்டத்துக்கான தகுதி அவனுக்கு ஒரே ஒரு அடியால் போனது.

மிஸிஸ் பெல்லமி என்னை ஏசவில்லை. லண்டனுக்குத் திரும்பும் வழியில், நெரிசலில் கார் நின்ற ஓரிடத்தில், முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி சொன்னார்: "நாதன், பயந்துபோன மனிதனுக்கு எண்ணத் தெரியாது. அந்தச் சொல் இனி என் கூடாரத்தில் வேண்டாம்." அந்தப் பொடியனின் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வீட்டில்கூட யாரிடமும் "பொறுங்கோ" என்று சொல்வதில்லை. பஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இனி அந்தத் தீவு.

கரீபியன் கடலில் சின்னத் தீவு ஒன்று. முதல் தடவையாக அங்கே ஒரு தொழில்முறைப் போட்டி. லண்டனிலிருந்து எங்களையும் அனுப்பினார்கள். பெட்டிக்குள் என் பிளாஸ்க், தேயிலை, இஞ்சி, கிங்ஸ்பரிக் கடையில் வாங்கிய பனங்கட்டி. பால் விடாத பிளேன்ரீ இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பனங்கட்டியை எடுத்து மணந்து பார்த்தார்.

"இது என்ன?"

"ஒரு மாதிரிச் சர்க்கரை."

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கரும்பு. "இந்தத் தீவுக்குச் சர்க்கரை கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார்.

அந்த வெயிலில் நான் சுடச்சுட பிளேன்ரீ குடிப்பதைப் பார்த்து மிஸிஸ் பெல்லமி முகத்தைச் சுளிப்பார். கூடாரத்துக்குள் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்து நான் கண்டதில்லை. அட்டையில் ஈரம் பட்டுவிடுமாம். என் பிளாஸ்குக்கு என் கதிரையின் கீழேதான் இடம்.

உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஒரு வாய்ப்பில் ஆட வந்தவர் டெஸ்மண்ட். நாற்பத்துநாலு வயது. சின்ன வயதில் அதே மைதானத்தில் வெளிநாட்டுக்காரர்களின் பை தூக்கியவர். பிறகு ஊர் ஊராகச் சின்னப் போட்டிகளில் ஆடிப் பிழைத்தவர். மைதானத்தை ஒட்டிய விடுதியில் அவருடைய தாய் அறைகள் துப்புரவு செய்து அவரை வளர்த்தவர். மகன் ஒரு போட்டியில் ஆடுவதை அந்த அம்மா ஒருநாளும் கண்டதில்லை. போட்டி நடந்த தேசங்கள் எல்லாம் அவருக்குத் தூரம். இப்போது போட்டியே அவருடைய வாசலுக்கு வந்திருந்தது. முதல் இரண்டு நாளான வியாழன், வெள்ளி முடிவில், பின்தங்கிய பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேர் சனி ஞாயிறு ஆடுவார்கள். அந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சீருடையோடு, மஞ்சள் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து கூடாரத்துக்கு வெளியே நின்றார். டெஸ்மண்ட் ஞாயிற்றுக்கிழமைவரை தாக்குப் பிடித்தால்தான் அவரால் முழு ஆட்டத்தையும் பார்க்க முடியும்.

அன்று மதியம் கொட்டின மழையில் ஸ்கோர் அனுப்பும் கருவிகள் செத்துப்போயின. கடைசிக் குழிகளுக்கு எண்கள் தனித்தனியாக வரவில்லை, தொகை மட்டும் வோக்கி-டோக்கியில் வந்தது. டெஸ்மண்டின் தொகையைக் கேட்டதும் வெளியே ஆரவாரம். ஒரு அடி வித்தியாசத்தில் சனி ஞாயிறு ஆடத் தகுதி பெற்றுவிட்டார்.

அவரும், அவருடைய ஸ்கோரை எழுதிய ஸ்பெயின்காரரும் கூடாரத்துக்குள் வந்தார்கள். வரும்போதே டெஸ்மண்ட் தலையைத் துவட்டிக்கொண்டு, "அந்தப் பதினான்காம் குழியை மட்டும் யாராவது எனக்குத் திருப்பி ஆடத் தந்தால் போதும்" என்று சிரித்தார். ஸ்பெயின்காரர் மிஸிஸ் பெல்லமியின் மேசைக்குப் போனார். டெஸ்மண்ட் என்னிடம் உட்கார்ந்தார்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெளியே அந்த மஞ்சள் தொப்பி தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குழி, ஒரு எண், ஒரு மூச்சு என்பதெல்லாம் போய், சின்ன வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல் பதினெட்டையும் ஒரே ஓட்டத்தில் வாசித்தேன். அவரும் ஓம், ஓம் என்றார். தொகை சரியாக வந்தது. கையெழுத்து வைத்தார். எழும்பினார்.

வாசலை நோக்கி அவர் நடக்கும்போதுதான் என் கண் அட்டையில் பதினான்காம் கட்டத்தில் விழுந்தது. அதில் நாலு. அது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி. நாலில் முடித்தவர் அதை ஏன் திருப்பிக் கேட்கிறார்? பக்கத்தில் பதினைந்தாம் குழி, அதற்கும் நாலுதான் கணக்கு, ஆனால் ஐந்து என்று இருந்தது. இரண்டும் இடம் மாறியிருந்தால் தொகை மாறாது. ஆனால் பதினான்கில் அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்து வைத்தவர் ஆகிவிடுவார். ஆள் வெளியே. ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இடம் மாறியிருந்தால். நிச்சயமாக எனக்குத் தெரியாது. அயர்லாந்துப் பொடியனின் முகம் முன்னால் வந்து நின்றது. டெஸ்மண்டின் வலது கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சொல்லக்கூடாத சொல் என் தொண்டையில் நின்றது. அதை விழுங்கினேன். அதற்குப் பதிலாக என் வாயில் வந்தது, எங்கள் வீட்டில் யாராவது போக எழும்பினால் தானாக வருகிற வசனம். அதுவும் எங்கள் ஊர்த் தமிழில்.

"இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தார். என் கையில் பிளாஸ்க் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆங்கிலத்தில், "ஒரு கோப்பை தேநீர், குடித்துவிட்டுப் போங்கள்" என்றேன். அந்த வெக்கையில், வென்றுவிட்டு அம்மாவிடம் போகும் ஒருவரிடம் இதைக் கேட்க எவ்வளவு மூளை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து மேசையில் மிஸிஸ் பெல்லமியின் குரல் நின்றுவிட்டது.

டெஸ்மண்ட் வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார். "ஊற்றியதைக் குடிக்காமல் வந்தேன் என்று தெரிந்தால் அவர் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்" என்று தாயைக் காட்டிச் சொல்லிவிட்டு, காலை உள்ளே எடுத்து வந்து உட்கார்ந்தார்.

மிஸிஸ் பெல்லமி என்னைப் பார்த்தார். பிளாஸ்கைப் பார்த்தார். எழும்பி வந்து தன் கடிகாரத்தை என் மேசையில் முகம் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் ஊற்றினேன். பாதி மேசையில் போனது. ஒரு துண்டு பனங்கட்டியைக் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் ஒரு வாய் குடித்ததும் கேட்டேன்:

"பதினான்கில் என்ன நடந்தது?"

கோல்ஃப் ஆடுகிறவரிடம் இப்படிக் கேட்டால் போதும், அடி அடியாகச் சொல்லாமல் அவரால் இருக்க ஏலாது. டெஸ்மண்ட் கோப்பையை வைத்துவிட்டு விரலை மடக்கினார். முதல் அடி இடதுபக்கம், மரத்தடியில். இரண்டாவது, வெறுமனே பந்தை வெளியே எடுத்தது. மூன்றாவது புல்தரையின் விளிம்பில். நாலாவது குழியின் வாயில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. "கொழுப்பு அதற்கு" என்றார். ஐந்தாவது உள்ளே.

ஐந்து விரலும் மடங்கியிருந்தன. அவர் கையைப் பார்த்தார். மெல்ல, "என் அட்டையை எனக்காக இன்னொரு தடவை காட்ட முடியுமா?" என்று கேட்டார். நான் தள்ளி வைத்தேன். அவர் பதினான்காம் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு ஸ்பெயின்காரரைக் கூப்பிட்டார்.

ஸ்பெயின்காரர் ஓடிவந்தார். மழைக்கு ஒதுங்கி நின்றபோது இரண்டு குழியையும் ஒன்றாக எழுதினேன் என்றார், கட்டம் மாறிவிட்டது என்றார், தன் மொழியில் தன்னைத்தானே நாலு வசை வைதுகொண்டார். வெட்டி, திருத்தி, இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்கள். இந்தத் தடவை மிஸிஸ் பெல்லமி வாசித்தார். ஒரு குழி, ஒரு எண், ஒரு மூச்சு. டெஸ்மண்ட் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஓம் சொன்னார். பிறகு இரண்டு காலாலும் கோட்டைத் தாண்டிப் போய்த் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்சி கூடிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று பின்னேரம் மிஸிஸ் பெல்லமி அறிக்கை எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வாய்ப்பாடுபோல் வாசித்தீர்கள்."

"ஓம். பிழைதான்."

"சிரித்தீர்கள்."

"அதுவும் பிழைதான்."

"தேநீர்?"

"அது வீட்டுப் பழக்கம், மிஸிஸ் பெல்லமி."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: ஆட்டக்காரர் கூடாரத்தில் இருக்கும்போதே தன் அட்டையைத் தானாகத் திருத்தினார். அதன் கீழே இன்னொரு வரி: ஆட்டக்காரர் தேநீர் அருந்தினார். அடுத்த பருவத்தில் லண்டன் அலுவலகத்திலிருந்து வந்த கூடாரச் சாமான் பட்டியலில் பென்சில், அழிறப்பர், குடைக்குப் பிறகு புதிதாக ஒன்று இருந்தது: பிளாஸ்க், ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் வெல்லவில்லை. கடைசிக்குக் கிட்டத்தான் முடித்தார். ஆனால் பதினெட்டாம் குழிக்கு அவர் நடந்துவந்தபோது தீவே எழும்பி நின்றது. மஞ்சள் தொப்பி பதினெட்டுக் குழியும் பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே கூடவே நடந்து வந்திருந்தது. பதினான்காம் குழியில் அன்று டெஸ்மண்டுக்கு நாலு. கூடாரத்தில் உட்கார்ந்து அந்த எண்ணுக்கு வந்ததும், அவர் என்னைப் பார்த்து, ஓம் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

எல்லா அட்டைகளும் முடிந்து மேசைகளை மடிக்கத் தொடங்கினோம். விமான நிலையத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் வான் வண்டி வந்து வெளியே ஹோர்ன் அடித்தது. அப்போது அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழைய பிளாஸ்க், மூன்று கோப்பைகள்.

"இங்கே ஒருவர், குடிக்காமல் யாரையும் வெளியே விடுவதில்லையாமே" என்றார். "நானும் விடுவதில்லை."

உள்ளே கொக்கோவில் காய்ச்சிய, கறுவா மணக்கும் ஒரு பானம். தடிப்பாக, இனிப்பாக இருந்தது. நான் என் கடைசிப் பனங்கட்டித் துண்டை அவருக்குக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். கரும்புத் தீவின் தலையாட்டு. அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. மிஸிஸ் பெல்லமி மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். வான் திரும்பவும் ஹோர்ன் அடித்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்து, நன்றி சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். வலது கால் வெள்ளைக்கோட்டைத் தாண்டியது.

"அம்மா, கோப்பையில் இன்னும் இருக்கிறது" என்றார் அந்தத் தாய்.

மிஸிஸ் பெல்லமி நின்றார். வான் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் முகம் கவிழ்த்து வைத்தார்.